வீட்டில் சீனச் சமையல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீன உணவு வீட்டில் சரியாக வருவதில்லை என்பவர்களிடம் என்ன ஆனது என்று கேட்டால், பதில்கள் நாலைந்துக்குள் அடங்கிவிடும். சாதம் குழைந்தது, காய் தண்ணீர் விட்டது, இறைச்சி ரப்பர் மாதிரி ஆனது, ஸ்பிரிங் ரோல் எண்ணெயில் வெடித்தது, சாஸ் ஊற்றியதும் மொறுமொறுப்பு போனது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் குற்றவாளி ஒருவர்தான்: தண்ணீர். அது இருக்கக் கூடாத இடத்தில் இருக்கும், அல்லது இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒன்றைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன.

முதலில் என்னென்ன வாங்க வேண்டும்?

பத்துப் பாட்டில் வாங்கி அடுக்க வேண்டாம். லைட் சோயா சாஸ், டார்க் சோயா சாஸ், அரிசி வினிகர், வறுத்த எள்ளின் எண்ணெய், சோளமாவு, வெள்ளை மிளகுத்தூள். இவற்றோடு இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள் இருந்தால் இந்தப் பக்கத்தில் உள்ளவற்றில் பெரும்பாலானவற்றைத் தொடங்கிவிடலாம். அடுத்த சுற்றில் சிப்பி சாஸ் (ஆய்ஸ்டர் சாஸ்), ஷாவ்ஷிங் ஒயின் (அரிசி மது). சீனாவின் சிச்சுவான் மாகாணத்து உணவில் ஆசை வந்தபிறகு தோபன்ஜியாங்கும் (அவரை, மிளகாய் விழுது) சிச்சுவான் மிளகும்.

எள் எண்ணெய் என்றதும் நல்லெண்ணெய் என்று நினைத்துவிட வேண்டாம். சீனச் சமையலில் பயன்படுவது எள்ளை நன்றாக வறுத்து எடுத்த, பழுப்பு நிற எண்ணெய். தாளிக்கவோ பொரிக்கவோ அல்ல. அடுப்பை அணைத்தபின் வாசனைக்காக அரைத் தேக்கரண்டி விடுவதோடு சரி.

லைட், டார்க் என்று இரண்டு சோயா சாஸ் எதற்கு? ஒன்று போதாதா?

இரண்டின் வேலையும் வேறு. லைட் சோயா உப்புக்கும் சுவைக்கும். டார்க் சோயா கூடுதல் காலம் பக்குவப்பட்டது, கெட்டியானது, லேசாக இனிக்கும்; அது முக்கியமாக நிறத்துக்கு. நல்ல பழுப்பு வரட்டும் என்று லைட் சோயாவையே ஊற்றிக்கொண்டு போனால் நிறம் வருமுன் உப்பு ஏறிவிடும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் லைட் சோயா வாங்குங்கள். ‘லைட்’ என்றால் உப்புக் குறைவு என்று பொருள் அல்ல, நிறம்தான் குறைவு. உப்பு குறைந்தது வேண்டுமானால் அப்படியே எழுதியிருக்கும் பாட்டிலைத் தேடுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனிக்க: பெரும்பாலான சோயா சாஸில் கோதுமை உண்டு.

ஷாவ்ஷிங் ஒயின் இல்லாமல் செய்யலாமா?

செய்யலாம். சீனாவின் ஜேஜியாங் மாகாணத்து ஷாவ்ஷிங் ஊரின் பெயரில் வழங்கும் அரிசி மது அது. இறைச்சியின் கவிச்சையைக் குறைத்து, லேசான கொட்டை மணத்தைத் தரும். அதற்கு மிக நெருக்கமான மாற்று, இனிப்பில்லாத ஷெர்ரி ஒயின். மது வேண்டாம் என்றால் அதே அளவு கோழிச்சாறோ காளான் ஊறவைத்த நீரோ விடுங்கள். சுவை கொஞ்சம் மாறும், கெட்டுப்போகாது. அதற்குப் பதிலாக வினிகரை மட்டும் ஊற்றாதீர்கள். நான் ஒருமுறை ஊற்றினேன். கோழி ஊறுகாய் மாதிரி இருந்தது.

வோக் (உருண்டை அடிச் சீன வாணலி) கட்டாயமா? ஓட்டலில் வரும் அந்தப் புகை மணம் ஏன் வீட்டில் வருவதில்லை?

அந்த மணத்துக்குக் கான்டனீஸ் மொழியில் ‘வோக் ஹே’ என்று பெயர். வோக்கின் மூச்சு என்று சொல்லலாம். ஓட்டல் அடுப்பு வீட்டு அடுப்பைவிடப் பல மடங்கு வெப்பம் தரும். அந்தச் சூட்டில் காயிலிருந்து வரும் நீர் வந்த வேகத்திலேயே ஆவியாகிறது. சமையல்காரர் வோக்கைத் தூக்கிப் போடும்போது தெறிக்கும் எண்ணெய்த் துளிகள் தீயில் பட்டுக் கருகும் மணமும் சேர்கிறது. வீட்டு அடுப்பால் இதை முழுமையாகக் கொண்டுவர முடியாது. அதை ஏற்றுக்கொண்டுவிட்டால் மற்றது எளிது.

நம்மால் செய்யக்கூடியது, அடுப்பின் சக்திக்கு ஏற்ப அளவைக் குறைப்பது. நாலு பேருக்கான காயை ஒரே தடவையில் கொட்டினால் சட்டியின் சூடு சட்டென்று இறங்கி, காய் தன் நீரிலேயே வேகத் தொடங்கும். அதற்கு வதக்கல் என்று பெயரில்லை. இரண்டு பேருக்கு மேல் போகாமல், தொகுதி தொகுதியாக வதக்கி எடுத்துவைத்து, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துச் சாஸ் விடுங்கள். காயைக் கழுவியபின் துணியால் ஒற்றி ஈரம் போக்குங்கள். இந்த இரண்டைச் செய்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பாத்திரம் கார்பன் ஸ்டீல் வோக்காக இருந்தால் நல்லது. இரும்பு வாணலியும் போதும். தட்டையான மின் அடுப்பென்றால் அடி தட்டையாக உள்ள அகலமான சட்டியே மேல், ஏனென்றால் உருண்டை அடி அந்த அடுப்பைத் தொடுவதே கொஞ்சம்தான். நான்ஸ்டிக் மட்டும் இதற்கு ஒத்துவராது. புகை வரும் அளவுக்குச் சூடேற்றினால் பூச்சு கெடும். முதலில் காலிச் சட்டியை லேசாகப் புகையும்வரை காயவைத்து, பிறகு எண்ணெய் விட்டுச் சுழற்றி, உடனே பொருளைப் போடுங்கள். சூடான சட்டி, குளிர்ந்த எண்ணெய் என்பது சீனச் சமையலறையில் பழைய பாடம். இறைச்சி ஒட்டாமல் இருப்பதற்கு இது பெரிய உதவி.

இறைச்சி எப்படி அவ்வளவு மெத்தென்று இருக்கிறது?

மூன்று காரணங்கள். முதலாவது வெட்டு. தசைநார் ஓடும் திசைக்குக் குறுக்கே மெல்லியதாக வெட்ட வேண்டும். இறைச்சியை உறைபெட்டியில் அரைமணி நேரம் வைத்தால் கத்தி வழுக்காமல் வெட்ட வரும்.

இரண்டாவது மேற்பூச்சு. 300 கிராம் கோழித் துண்டுகளுக்குக் கால் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி லைட் சோயா, ஒரு மேசைக்கரண்டி ஷாவ்ஷிங், பாதி முட்டை வெள்ளைக்கரு, ஒரு மேசைக்கரண்டி சோளமாவு, ஒரு தேக்கரண்டி எண்ணெய். பிசைந்து அரைமணி நேரம் வையுங்கள். பிறகு ஓட்டல்களில் மிதமான எண்ணெயில் போட்டு எடுப்பார்கள். வீட்டில் கொதிநீரில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, துண்டுகளைப் போட்டு, வெளுத்ததும் ஒரு நிமிடத்துக்குள் வடித்துவிடலாம். முழுவதும் வெந்திருக்காது, மீதி வேக்காடு வாணலியில். மாவுப் பூச்சு உள்ளிருக்கும் சாறு வெளியே ஓடாமல் தடுக்கிறது. இங்கே தண்ணீர் உள்ளே இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

மூன்றாவது மாட்டிறைச்சிக்கு மட்டும்: 300 கிராமுக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் ஒரு மேசைக்கரண்டி தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, 15 முதல் 20 நிமிடத்தில் நன்றாகக் கழுவி ஒற்றி எடுத்துவிடுங்கள். காரத்தன்மை கூடும்போது புரதம் இறுகிச் சுருங்குவது குறைகிறது. அதிக நேரம் விட்டாலோ கழுவ மறந்தாலோ சோப்பு வாடை வரும்.

ஃப்ரைடு ரைஸுக்குப் பழைய சாதம்தான் வேண்டுமா?

பழையது என்பதைவிட, மேற்பரப்பு காய்ந்த சாதம் வேண்டும். குளிர்பெட்டியில் ஒரு இரவு வைத்தால் அது தானாக நடக்கும். அன்றே செய்ய வேண்டுமா? தண்ணீரைச் சற்றுக் குறைத்து வடித்து, அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் அரைமணி நேரம் வையுங்கள். அதுவும் நன்றாகவே வரும். அரிசியை முதலில் நன்றாகக் கழுவி மாவுநீர் போக்குவது இரண்டு வழிக்கும் பொது.

ஒரு எச்சரிக்கை. சாதத்தை வெளியே மணிக்கணக்கில் விட்டுவிட்டு மறுநாள் வதக்கக் கூடாது. பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. அறைச் சூட்டில் முளைத்துப் பெருகும். அது உண்டாக்கும் வாந்தி நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. வடித்த ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, அடுத்த நாளே தீர்த்துவிடுங்கள்.

செய்முறையில் சொல்ல அதிகமில்லை. முட்டையைத் தனியே பொரித்து எடுத்துவிட்டு, சாதத்தைக் கட்டி உடைத்துப் போட்டு, துள்ளும்வரை வறுத்து, முட்டையும் வெங்காயத்தாளும் சேர்த்து உப்புப் போடுங்கள். சோயா சாஸை அள்ளி ஊற்றினால் மறுபடி ஈரம். ஜியாங்சு மாகாணத்து யாங்ஜோ ஊரின் பெயர்பெற்ற ஃப்ரைடு ரைஸ் பெரும்பாலும் வெளிர் நிறத்தில்தான் இருக்கும். பழுப்பு நிறம் கட்டாயம் இல்லை.

நூடுல்ஸ் கட்டிக் கட்டியாக ஒட்டிக்கொள்கிறதே?

பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே எடுத்து, குளிர்ந்த நீரில் அலசி, நன்றாக வடித்து, ஒரு தேக்கரண்டி எண்ணெய் பிசறிப் பரப்பி வையுங்கள். வதக்கும்போது கரண்டியால் கிளறாமல் இடுக்கியாலோ குச்சியாலோ தூக்கித் தூக்கிப் போடுங்கள். சவ் மெய்ன் என்பது வதக்கிய நூடுல்ஸ், லோ மெய்ன் என்பது சாஸில் புரட்டிய நூடுல்ஸ். முதலாவதில் மொறுமொறுப்பான ஓரங்கள் இருந்தால் அது குறையில்லை, அதுதான் சிறப்பு.

ஸ்பிரிங் ரோல் எண்ணெயில் வெடிக்கிறது, அல்லது ஆறியதும் சொதசொதவென்று ஆகிவிடுகிறது. ஏன்?

உள்ளே ஈரம். சூடான பூரணத்தை வைத்துச் சுருட்டினால் ஆவி தாளை நனைக்கும், நனைந்த தாள் எண்ணெயில் பிளக்கும். கோஸ், கேரட், காளான் எதுவானாலும் அதிகத் தீயில் சீக்கிரம் வதக்கி, சல்லடையில் கொட்டி, முழுவதும் ஆறவிடுங்கள். வடியும் நீரைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். அப்புறம் இறுக்கமாகச் சுருட்டுங்கள், உள்ளே காற்றுக்கு இடமிருக்கக் கூடாது. ஓரத்தை மைதாவும் தண்ணீரும் குழைத்த பசையால் ஒட்டுங்கள்.

தாள் வாங்கும்போது, கோதுமை மாவில் செய்து உறையவைத்த ஸ்பிரிங் ரோல் தாளாகப் பார்த்து வாங்குங்கள். கண்ணாடி மாதிரி இருக்கும் அரிசித்தாள் வியட்நாம் வகைக்கு உரியது, அதன் கதையே வேறு. பிரித்த தாள்களை ஈரத்துணியால் மூடி வையுங்கள். இல்லாவிட்டால் ஓரம் உடையும்.

எண்ணெய் 170 முதல் 175 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லையென்றால் மரக்குச்சியை முக்குங்கள். சுற்றிலும் சின்னக் குமிழிகள் சீராக எழுந்தால் சரி. பொரித்ததைத் தட்டில் குவிக்காமல் கம்பி வலையில் நிறுத்தி வையுங்கள். சுருட்டியதைப் பச்சையாகவே உறையவைக்கலாம். பிறகு உருகவிடாமல் அப்படியே எண்ணெயில் போடலாம்.

டம்ப்ளிங் (ஜியாவ்ஸி) முதல்முறை செய்கிறேன். எங்கே தவறுவேன்?

பூரணத்தில்தான். வட சீனாவில் புத்தாண்டுக்குக் குடும்பமே உட்கார்ந்து மடிக்கும் பண்டம் இது. மடிப்பு அழகாக வராவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. விளிம்பு மூடியிருந்தால் போதும். நான் முதலில் மடித்தவை தூங்கும் பூனைகள் மாதிரி இருந்தன. சுவையில் குறையில்லை.

மேல்மாவுக்கு 300 கிராம் மைதா, 150 மில்லி தண்ணீர். பிசைந்து மூடி அரைமணி நேரம் விடுங்கள், முரண்டு பிடிக்காமல் விரியும். பூரணத்துக்கு 300 கிராம் கொத்திய பன்றி அல்லது கோழி இறைச்சி, 250 கிராம் சீனக் கோஸ். கோஸைப் பொடியாக நறுக்கி ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழித்து இறுகப் பிழிந்துவிடுங்கள். இறைச்சியில் இஞ்சி, வெங்காயத்தாள், சோயா, வெள்ளை மிளகு சேர்த்து, 60 மில்லி குளிர்ந்த கோழிச்சாறை மேசைக்கரண்டி மேசைக்கரண்டியாக விட்டு ஒரே திசையில் பசை பிடிக்கும்வரை கிளறுங்கள். கோஸில் இருந்து நீரைப் பிழிந்தது எதற்கு, இறைச்சிக்குள் ஊற்றுவது எதற்கு என்று தோன்றும். கோஸின் நீர் மாவை நனைத்துக் கிழிக்கும். இறைச்சிப் பசைக்குள் கட்டுண்ட நீர், கடிக்கும்போது சாறாக வரும். பிழிந்த கோஸைக் கடைசியில் கலந்து மடியுங்கள்.

வேகவைக்கும் முறை எளிது: கொதிநீரில் போட்டு, மறுபடி கொதி வந்ததும் ஒரு கோப்பை பச்சைத் தண்ணீர் விடுங்கள், இப்படி மூன்று முறை. மேல்மாவு கிழியாமல் உள்ளே வெந்துவிடும். குவோட்டியே என்னும் பொரித்த வகைக்கு, தட்டையான சட்டியில் எண்ணெய் விட்டு அடுக்கி, அடி லேசாகச் சிவந்ததும் டம்ப்ளிங்கின் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். ஏழெட்டு நிமிடத்தில் நீர் வற்றியதும் மூடியைத் திறந்து அடி மொறுமொறுவென்று ஆகும்வரை விடுங்கள். தொட்டுக்கொள்ள ஜியாங்சுவின் ஜென்ஜியாங் ஊர்க் கறுப்பு வினிகரும் இஞ்சிச் சீவலும்.

ஹாட் அண்ட் சவர் சூப்பில் காரம் எதிலிருந்து வருகிறது?

மரபான முறையில் வெள்ளை மிளகிலிருந்து, மிளகாயிலிருந்து அல்ல. மிளகும் வினிகரும் கடைசியில்தான், அடுப்பை அணைத்தபின். முன்னதாகவே ஊற்றினால் வினிகரின் மணம் ஆவியாகி வெறும் புளிப்புதான் மிஞ்சும். முட்டை நூல் நூலாக வர, முதலில் சோளமாவு கரைத்து விட்டுச் சூப்பைக் கெட்டியாக்கி, தீயைக் குறைத்து, அடித்த முட்டையை மெல்லிய தாரையாக ஊற்றி, பத்து நொடி கழித்துக் கிளறுங்கள்.

சோளமாவு கட்டி தட்டுகிறது. சில நேரம் சாஸ் மறுபடி நீர்த்தும் போகிறதே?

எப்போதும் குளிர்ந்த நீரில் கரைக்க வேண்டும். அடியில் தங்கிவிடும், அதனால் ஊற்றும் முன் ஒருமுறை கலக்க வேண்டும். ஊற்றியபின் கொதி வர வேண்டும். கொதி வரவில்லையென்றால் பச்சைமாவு வாடையும் போகாது, கெட்டியும் நிற்காது.

ஸ்வீட் அண்ட் சவர் கோழியோ பன்றியோ, சாஸ் சேர்த்தபின்னும் மொறுமொறுப்பாக இருக்குமா?

கொஞ்ச நேரம் இருக்கும். குவாங்டாங் பகுதியின் கூ லோ யோக் என்ற பன்றி வகைதான் உலகெங்கும் பரவிய இந்த உணவின் மூலங்களில் பெயர்பெற்றது. இரண்டு முறை பொரிப்பதில்தான் ரகசியம். துண்டுகளை முட்டையில் புரட்டி, உலர்ந்த உருளைக்கிழங்கு மாவிலோ சோளமாவிலோ அழுத்தி, 160 டிகிரியில் நாலு நிமிடம் பொரித்து எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். உள்ளிருந்து ஈரம் மேலே வரும். பிறகு 190 டிகிரியில் ஒரு நிமிடம்; அந்த ஈரம் போய்விடும்.

சாஸ்: அரிசி வினிகர் 3 மேசைக்கரண்டி, சர்க்கரை 3, தக்காளி கெச்சப் 2, லைட் சோயா 1, தண்ணீர் 3, கரைத்த சோளமாவு ஒரு தேக்கரண்டி. தனியே கொதிக்கவிட்டுப் பளபளவென்று ஆனதும் பொரித்ததைப் போட்டு, இருபது நொடியில் புரட்டி இறக்கி, உடனே சாப்பிட உட்காருங்கள். விருந்தாளி தாமதம் என்றால் சாஸைக் கலக்காமல் காத்திருங்கள்.

குங் பாவ் கோழியில் கடலையும் மிளகாயும் தவிர என்ன இருக்கிறது?

சிச்சுவானில் ஆளுநராக இருந்த சிங் வம்சக் காலத்து அதிகாரி டிங் பாவ்ஜென் (1820–1886) பெற்றிருந்த பட்டத்திலிருந்து வந்த பெயர் இது. மாவோ காலத்துக் கலாசாரப் புரட்சியின்போது, பேரரசு அதிகாரியை நினைவூட்டும் அந்தப் பெயர் ஆகாது என்று வேறு பெயரிட்டார்கள், சமையல் அதேதான். இதன் சுவைக்குச் சிச்சுவான் சமையல்காரர்கள் ‘லிச்சிச் சுவை’ என்பார்கள். லிச்சிப் பழம் சேர்ப்பதில்லை. அந்தப் பழம் போல முதலில் புளிப்பும் பின்னால் இனிப்பும் லேசாகத் தெரிய வேண்டும் என்பதே பொருள்.

300 கிராம் கோழிக்கு லைட் சோயா ஒரு மேசைக்கரண்டி, கறுப்பு வினிகர் ஒன்று, சர்க்கரை ஒன்று, டார்க் சோயா அரைத் தேக்கரண்டி, சோளமாவு ஒரு தேக்கரண்டி, தண்ணீர் இரண்டு மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் கிண்ணத்தில் முன்னமே கலந்து வையுங்கள். விதை நீக்கிய எட்டுப் பத்துக் காய்ந்த மிளகாயையும் ஒரு தேக்கரண்டி சிச்சுவான் மிளகையும் மிதமான எண்ணெயில் வாசனை வரும்வரை மட்டும் வறுங்கள். கறுத்தால் கசக்கும், கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதே மேல். கோழி, இஞ்சி, பூண்டு, சாஸ். வறுத்த நிலக்கடலை தீயை அணைக்கும் நொடியில்.

சிச்சுவான் மிளகுக்குப் பதில் சாதா மிளகு போடலாமா?

போடலாம், ஆனால் அது வேறு உணவு. பெயரில்தான் மிளகு, செடி எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதிலுள்ள சான்ஷூல் என்ற பொருள் நாக்கை மரத்துப்போகச் செய்கிறது. மாப்போ டோஃபுவில் (டோஃபு என்னும் சோயாப் பனீரைக் காரச் சாஸில் வேகவைக்கும் சிச்சுவான் உணவு) இந்த மரமரப்பும் தோபன்ஜியாங்கின் காரமும் சேர்வதுதான் அழகு. தோபன்ஜியாங் என்பது அகன்ற அவரையும் மிளகாயும் புளிக்கவைத்த விழுது. செங்டு அருகே உள்ள பிஷியனில் செய்வது பெயர்பெற்றது. அதை எண்ணெயில் சிவப்பு இறங்கும்வரை பொறுமையாக வதக்கியபிறகுதான் சாறு ஊற்ற வேண்டும். விழுதிலேயே உப்பு நிறைய இருக்கிறது. தனி உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். மென் டோஃபுவை முன்னதாக உப்புக் கலந்த சுடுநீரில் பத்து நிமிடம் போட்டு வைத்தால் உடைவது குறையும்.

சைவமாகச் செய்ய முடியுமா?

நிச்சயமாக. சிப்பி சாஸுக்குப் பதில் காளானில் செய்த சாஸ் கிடைக்கிறது. கொத்திய இறைச்சி வரும் இடத்தில் ஊறவைத்த உலர் ஷீட்டாகே காளானைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள், ஊறிய நீரைச் சாறாக வைத்துக்கொள்ளுங்கள். பொரிக்க வேண்டிய டோஃபு கெட்டி வகையாக இருக்கட்டும், அதைப் பாரம் வைத்து நீர் வடிய விடுங்கள்.

அஜினோமோட்டோ கெடுதலா?

அஜினோமோட்டோ என்பது மோனோசோடியம் குளுட்டமேட் என்ற சுவையூட்டியின் வணிகப் பெயர். 1908-ல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா ‘கொம்பு’ என்னும் கடற்பாசியிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். தக்காளியிலும் பழுத்த சீஸிலும் இயல்பாக இருப்பதும் அதே குளுட்டமேட்தான். 1968-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த வாசகர் கடிதத்திலிருந்து ‘சீன உணவக நோய்’, அதாவது சீன உணவு சாப்பிட்டபின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும் என்ற பேச்சு கிளம்பியது. பின்னர் நடந்த கட்டுப்பாடான சோதனைகளில், உணவில் சேரும் வழக்கமான அளவு அப்படி எதையும் தொடர்ந்து உண்டாக்கியதாகத் தெரியவில்லை. பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம், சோயா சாஸும் காளானும் அந்த வேலையில் பாதியைச் செய்துவிடும்.

நாலு பேருக்கு ஒரு மாலை விருந்து. எதை எப்போது செய்வது?

ஃப்ரைடு ரைஸ் தவிர, வதக்கும் உணவு ஒன்றுக்கு மேல் வேண்டாம். இரண்டு வதக்கல் என்றால் நீங்கள் மேசைக்கே வர முடியாது. முதல்நாள் டம்ப்ளிங் மடித்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் உறையவைத்துப் பையில் போடுங்கள்; சாதமும் அன்றே வடித்துக் குளிர்பெட்டிக்குள். அன்று மாலை சூப்பை வினிகரும் முட்டையும் விடாமல் தயார் செய்துவிட்டு, குங் பாவுக்கான எல்லாவற்றையும் நறுக்கிக் கிண்ணங்களில் அடுக்குங்கள். விருந்தாளிகள் உட்கார்ந்ததும் டம்ப்ளிங் அடுப்பில் ஏறட்டும், சூப்பு முடியட்டும். அவர்கள் அதைச் சாப்பிடும்போது ஃப்ரைடு ரைஸை வறுத்து மூடி வையுங்கள். கோழி கடைசி. கிண்ணங்கள் தயாராக இருந்தால் ஐந்து நிமிட வேலைதான், ஆனால் அந்த ஐந்து நிமிடமும் யாராவது சமையலறைக்குள் வந்து பேச்சுக் கொடுத்தால் மிளகாய் கருகிவிடும். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.